வெட்ட வெட்ட வகுபடாத எண்

உக்குவளையில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருந்த ஜெயக்காந்தனுக்கும் கணக்குக்கும் வெகுதூரம். அவன் மனைவி சர்மிளாவோ எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து வந்த கணித ஆசிரியை. கல்யாணமான புதிதில், மற்றவர்கள் பிடித்த நடிகரைச் சொல்வதுபோல, அவள் தனக்குப் பிடித்த எண்ணைச் சொன்னாள்: 73939133. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத முதன்மை எண் அது. கடைசி இலக்கத்தை வெட்டினால் மிஞ்சுவதும் முதன்மை எண்தான். ஏழு மட்டும் தனியே நிற்கும்வரை வெட்டிக்கொண்டே போனாலும் அப்படித்தான். இந்த வகையில் இதைவிடப் பெரிய எண்ணே கிடையாது என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

போன வருஷம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே சர்மிளா சரிந்து விழுந்தாள். மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டதாம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் மெல்ல அசைய ஆரம்பித்தது. பேச்சுத்தான் திரும்பவில்லை. சொற்கள் உள்ளேதான் இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் தட்டுப்படவில்லை என்றார் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண். பசு, கோப்பை, குடை என்று படங்களைக் காட்டிச் சொல்லச் சொன்னார். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், அந்தப் படங்களைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடைமழையில் கராஜைத் திறக்காத ஒரு பகலில்தான் அவனுக்கு அந்த எண் ஞாபகம் வந்தது. பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் பெரிதாக எழுதி அவள் முன்னால் வைத்தான்: 73939113.

சர்மிளா குனிந்து பார்த்தாள். அவள் விரல் ஒவ்வொரு இலக்கமாக நகர்ந்தது. உதடுகள் அசைந்தன. பிறகு முகத்தைச் சுளித்தாள், பிள்ளைகளின் கொப்பியில் பிழை கண்டால் சுளிப்பதுபோல.

"முப்பத்தாறு," என்றாள்.

அவன் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"கூட்டினா... முப்பத்தாறு. மூணால... வகுபடும்." பேனாவை வாங்கி, கடைசிக்கு முந்திய ஒன்றை அடித்து, மூன்று போட்டாள். "இப்ப சரி."

பிழையாக எழுதியதற்காக எந்த மனிதனும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். அவன் அழுவதைப் பார்த்து அவளும் அழுதாள்.

அதன்பின் படங்கள் ஓரமாகப் போயின. கடைசியில் ஒன்பதாவதாக ஓர் இலக்கம் சேர்த்தால் ஏன் முதன்மை எண்ணாக நிற்காது என்று ஜெயக்காந்தன் கேட்டான். பதில் சொல்ல அவளுக்குப் பல நாட்கள் பிடித்தன. இரட்டை எண்ணைச் சேர்த்தால் இரண்டால் போகும், ஐந்தைச் சேர்த்தால் ஐந்தால் போகும், ஒன்றையோ ஏழையோ சேர்த்தால் மூன்றால் போகும். மூன்றையும் ஒன்பதையும் சேர்த்தால் வகுக்கும் எண் எங்கோ பெரிதாக ஒளிந்திருக்கிறது. ஃபோனில் பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டவனை முறைத்தாள்.

இப்போது சாயங்காலங்களில் இருவரும் அந்த வகுக்கும் எண்ணைத்தான் தேடுகிறார்கள். அவள் எண்ணைச் சொல்வாள், அவன் வகுத்துப் பார்ப்பான். சாப்பாட்டுக்கும் அயலாருக்கும் உரிய சொற்கள்கூட இடையிடையே வந்துவிடுகின்றன. அவன் பெயர்தான் சில வேளை தடுமாறும்.

நேற்று, கடைசியில் மூன்று சேர்த்த எண்ணைத் தொண்ணூற்றேழால் வகுத்தான். ஆறு மிஞ்சியது.

"போகலியே," என்றான்.

"பரவால்ல," என்றாள் சர்மிளா, பேனாவை அவன் பக்கம் தள்ளி. "அடுத்தது நூத்தியொண்ணு. எழுதுங்க."