கண்ணை மூடிய பாடவேளை

முல்லைத்தீவுக் கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் யூலிற்றா கத்தோலிக்க சமயம் படிப்பித்தாள். தான் படித்த விதமாகவே படிப்பித்தாள். கேள்வியை அவள் சொல்வாள்; விடையைப் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். கடவுள் எங்கே இருக்கிறார்? கடவுள் எங்கும் நிறைந்திருக்கிறார். வெளியே கடல் இரைந்துகொண்டிருக்கும். சில காலைகளில் அந்த இரைச்சலும் பிள்ளைகளின் குரலும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, கேட்பது யார், விடை சொல்வது யார் என்றே பிடிபடாமல் போகும்.

மாரி தொடங்கியபோது சமயபாட ஆலோசகர் தர்ஷன் வந்து, பின்வரிசை வாங்கில் அமர்ந்து அவளுடைய வகுப்பைப் பார்த்தார்.

"பாடமாக்கினது போதும், ரீச்சர்" என்றார் பிறகு. "இனிப் பிள்ளையளின்ர அனுபவத்தில இருந்து தொடங்குங்கோ. கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருக்கவிட்டு, என்ன கண்டவை எண்டு கேளுங்கோ. அவையள் கேட்டா நீங்களும் சொல்லவேணும்."

"விடை தெரியாத பிள்ளை எதைக் காணும், சேர்?"

அவர் கோபப்படவில்லை. "ஒருக்காச் செய்து பாருங்கோ."

பல கிழமைகள் அவள் செய்யவில்லை. ஒரு புதன்கிழமை காலை, கடலில் இருந்து பனிப்புகார் எழும்பி வந்து முற்றத்து வேம்பை மூடியது. பிறகு யன்னல் வழியாக உள்ளே நுழைந்து வாங்குகளுக்கிடையே நின்றது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் தண்ணீருக்குள் இருப்பவைபோலத் தெரிந்தன. கேள்வி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"எல்லாரும் கண்ணை மூடுங்கோ" என்றாள். "கடவுளோட சும்மா இருங்கோ. ஒண்டும் சொல்லவேண்டாம்."

அரைச்சுவருக்கு அப்பால் சைவசமய வகுப்பில் தேவாரம் பாடினார்கள். பாட்டு சுவரைத் தாண்டி மெல்ல இறங்கியது. யூலிற்றாவும் கண்ணை மூடினாள்.

நேரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவின்ர வள்ளம் சத்தமில்லாமல் வந்தது" என்றான் ஜெனோசன். "வள்ளத்துக்குள்ள மீன் இல்லை. முழுக்க வெளிச்சம்."

நிறஞ்சனா தயங்கினாள். "நான் ஒண்டும் காணேல்ல, ரீச்சர். அங்கால பாடினதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான். நல்லாயிருந்தது. அது பிழையோ?"

"இல்லையம்மா, பிழையில்லை" என்றாள் யூலிற்றா.

"நீங்கள் என்ன கண்டனீங்கள்?" என்று கேட்டாள் நிறஞ்சனா.

யூலிற்றா கதிரையில் அமர்ந்தாள்.

"என்ர தம்பியைக் கண்டனான். எமில் எண்டு பேர். கடைசிச் சண்டைக் காலத்தில நாங்கள் மண்ணுக்குள்ள வெட்டின பங்கருக்குள்ள இருந்தனாங்கள். அவனுக்கு ஏழு வயசு. பயத்தில அழுவான். அவனை ஆத்த எனக்கு வேற ஒண்டும் தெரியாது. கடவுள் எங்கே இருக்கிறார் எண்டு ஞானோபதேசக் கேள்வியளைக் கேட்பன். அவன் விக்கி விக்கி விடை சொல்லுவான். ஒருநாள் திருப்பி என்னைக் கேட்டான்: அக்கா, எங்கும் எண்டா இந்தப் பங்கருக்குள்ளயுமோ எண்டு. ஓம் எண்டனான். உடனே என்ர மடியில நித்திரையாப் போயிட்டான்."

"இப்ப எங்க அவர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"அடுத்த கிழமை ஷெல் விழுந்தது."

தேவாரம் எப்போதோ முடிந்திருந்தது. புகாருக்குள் ஒரு காகம் கத்தியது.

"ரீச்சர்" என்றான் ஜெனோசன், மெதுவாக. "ஷெல் விழேக்கையும் கடவுள் அங்க இருந்தவரோ?"

அவள் வாயில் விடை தயாராக வந்து நின்றது. அதைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"தெரியேல்லடா" என்றாள். "நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

படிப்பிக்க வந்த நாள்முதல் அந்த வகுப்பில் அவள் தெரியாது என்று சொன்னதில்லை. ஏதோ இடிந்துவிடும் என்று பயந்தாள். ஒன்றும் இடியவில்லை. நிறஞ்சனா எழும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். மணி அடித்தும் யாரும் போகவில்லை.

பின்னேரம் வெயில் திரும்பியிருந்தது. அவள் வீட்டுக்குப் போனபோது, அம்மா குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. யூலிற்றா செருப்பைக் கழற்றாமலே பக்கத்தில் குந்தினாள்.

"அம்மா, இண்டைக்குப் பிள்ளையளுக்கு எமிலைப் பற்றிச் சொன்னனான்."

அந்தப் பெயர் அந்த வீட்டில் வருடக்கணக்காக ஒலித்ததில்லை. அம்மாவின் கை நின்றது. திட்டப்போகிறா, அல்லது அழப்போகிறா என்று யூலிற்றா நினைத்தாள்.

"அவன் குப்புற விழுந்து முன்பல்லை உடைச்சதைச் சொன்னனியோ?" என்று கேட்டா அம்மா.

"இல்லை."

"அதையும் சொல்லு. பல்லில்லாமல், செபத்தில வாற தேவதூதரைச் 'சம்மனசு' எண்டு சொல்ல வராமல் அவன் பட்ட பாடு." அம்மாவின் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது. கத்தியை ஒருபக்கம் வைத்துவிட்டு, எமில் பிறந்த அன்று பெய்த மழையில் இருந்து தொடங்கி, அம்மா சொல்லிக்கொண்டே போனா.