முழங்காலுக்குப் போன மின்சாரம்

பேருந்து ஓட்டுநரின் கழுத்து மூன்று மாதமாக இடப்பக்கம் திரும்பவில்லை. மனைவி இறந்த வாரத்தில் பிடித்துக்கொண்டது. நாளை உடற்தகுதிச் சோதனை. இரு பக்கமும் திரும்பிக் காட்டாவிட்டால் ஸ்டியரிங் போய்விடும். பணிமனையில் பேருந்து கழுவ வேண்டியதுதான்.

அக்குபங்சர் டாக்டரம்மா அவன் கழுத்தில் ஊசிகளைக் குத்தினார். இடப்பக்க நாற்காலியில் யாரோ வந்து உட்கார, அந்த ஆளின் முழங்காலிலும் குத்தினார். ஊசிகளுக்கு மின்சாரம் விடும் பெட்டிகளில் ஒன்றுதான் வேலை செய்தது. அதில் இரண்டு திருகு குமிழ்கள், ஆளுக்கு ஒன்று. அவசர அவசரமாக வயர்களை மாட்டினார்.

"சுருக்குன்னு இருக்கா தம்பி?"

"ஒண்ணும் தெரியல."

அவனுடைய குமிழைக் கூட்டினார். இடப்பக்கம் முக்காலி உருண்டது.

"குறைங்கம்மா!"

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமனாரின் குரல். அவளை அடக்கம் செய்த நாளிலிருந்து இருவரும் பேசவில்லை. சண்டை எதுவும் இல்லை. யார் முதலில் அழுவது என்று தெரியாமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

டாக்டரம்மா மாமனாரின் குமிழைக் குறைத்தார்.

"இப்ப, தம்பி?"

"சுத்தமா இல்ல."

கூட்டினார். மாமனாரின் செருப்பு பறந்துபோய் எடை பார்க்கும் இயந்திரத்தில் விழுந்தது. முள் கால் கிலோ காட்டியது.

"ஐயையோ, குறைங்க!"

மாமனாரின் குமிழ் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

"தம்பி, உங்க உடம்பு என்ன மரமா?"

"ஆமாங்க" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டாக்டரம்மா கடைசிவரை திருகினார்.

"மாப்பிள்ளை! தெரியுதுன்னு சொல்லித் தொலைங்களேன்!"

அவன் திரும்பினான். கழுத்து மளுக்கென்றது. மாமனார் ஒற்றைக் காலால் இல்லாத சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். அவனுடைய குமிழிலிருந்து கிளம்பிய வயர் நேராக அந்த முழங்காலுக்குப் போயிருந்தது.

டாக்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு பெட்டியை அணைத்தார். கால் நின்றது.

"மூணு மாசமா வராத ஆளு" என்றார் மாமனார், மூச்சு வாங்க. "கரண்டு விட்டுத்தான் கூப்பிடணுமா?"

"நீங்களும் வரலையே, மாமா."

"வந்தேன். தெருமுனை வரைக்கும். நாளைக்கு டெஸ்டாமே? இன்னொரு தரம் திரும்புங்க, பார்ப்போம்."

திரும்பினான். இந்த முறை மாமனாரின் முகத்தைப் பார்த்தான். அதே மூக்கு, அவளுடையது.

டாக்டரம்மா வயர்களை மாற்றி மாட்டினார். "இப்ப சுருக்குன்னு இருக்கா தம்பி?"

"இருக்கு" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டாக்டரம்மா பெட்டியைப் பார்த்தார். அதை இன்னும் போடவேயில்லை.

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமனார். "மாப்பிள்ளை, அந்தச் செருப்ப எடுங்க."