அறுபத்தைந்து அங்குலமும் ஒரு முகமும்

முல்லா வீதி கமருஸ்ஸமான் வீட்டுப் பெரிய டிவி முதன்முதலில் எடுத்துக்கொண்டது தொழுகை நேரக் காலண்டரின் எண்களைத்தான். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. ஆட்டுக்கறி விலை ஏறியதும் அதே வாரம்தான். பள்ளிவாசலில் கொடுத்த அந்தக் காலண்டரில் ஐந்து வேளைக்கும் பொடி எழுத்தில் மணி போட்டிருப்பார்கள். காலையில் தாளைக் கிழிக்கப் போன ஜீனத்துன்னிசா, எண்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றலைத்தான் கண்டாள். மழை ஈரமாக இருக்கும் என்று அடுத்த தாளைப் புரட்டினாள். டிசம்பர் கடைசி வரைக்கும் அதே தீற்றல். அன்று மாலைத் தொடரில் கதாநாயகியின் மாமியார் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. பொட்டும் பூவுமாக இருந்த அந்த மாமியாரின் தலைக்கு மேலே புதுச்சேரிக்கு உரிய இஷா, அதாவது இரவுத் தொழுகை நேரம் பளிச்சென்று தெரிந்தது. ஜீனத்துன்னிசா அதைப் பார்த்துத்தான் அன்று இஷா தொழுதாள். நேரம் சரியாகவே இருந்தது.

டிவி வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். கமருஸ்ஸமான் கல்யாணங்களுக்குப் பிரியாணி தேக்சா வாடகைக்கு விடுகிறவர். ஊரிலேயே பெரிய தேக்சா அவரிடம்தான் இருந்தது. அதைக் கழுவ ஒரு ஆள் உள்ளே இறங்க வேண்டும். எதை வாங்கினாலும் கடையில் இருப்பதிலேயே பெரியது எது என்று கேட்பதுதான் அவர் வழக்கம். நேரு வீதிக் கடையில் அறுபத்தைந்து அங்குல டிவியைக் கண்டதும் அப்படித்தான் கேட்டார், அப்படித்தான் வாங்கினார். தேக்சா தூக்கும் ஆட்கள் நாலு பேர் அதைச் சுமந்து வந்து, கூடத்தில் தெருப்பக்கத்து இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே மாட்டினார்கள். கூடமோ பத்தடி அகலம். கிட்டே உட்கார்ந்தால் கண்ணைக் கரித்தது, ஜன்னலைத் திறந்தால் படம் வெளிறியது. ஆக, ஜன்னல்கள் நிரந்தரமாக மூடப்பட்டன. அவருடைய தேக்சாக் கடைக்குப் பக்கத்தில் மளிகை வைத்திருக்கும் கிருஷ்ணசாமி வந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்கு எதுக்கு பாய் இவ்ளோ பெருசு?" என்று கேட்டார். அது பொறாமை என்று கமருஸ்ஸமான் முடிவு கட்டினார்.

டிவியை மாட்டிக் கொடுத்த மூலக்குளத்துச் செல்வகுமார் மட்டும் ஒன்றை மறைக்காமல் சொல்லியிருந்தான். "பாய், இது அடுத்த காலத்து டிவி. இதுக்கு இருவது லட்சம் புள்ளி வேணும். நம்ம கேபிள்ல வர்றது நாலு லட்சம்தான்." மீதிக்கு என்ன செய்யும் என்று கேட்டதற்கு, "எங்கேருந்தாவது எடுத்து ரொப்பிக்கும் பாய், அதுக்கு அந்த வேலை தெரியும்" என்றான். அவன் சொன்னது உண்மை. வீட்டுக்குள்ளிருந்தே எடுத்தது.

காலண்டருக்குப் பிறகு பிரிட்ஜ் மேல் விரித்திருந்த குரோஷா பின்னலின் ஓட்டைகள் போயின. பின்னல் மொழுக்கென்று வெள்ளைத் துணியானது. அது போன அன்றே காலண்டர் எண்கள் திரும்பி வந்துவிட்டன. பின்னல் திரும்பி வந்தபோது மகள் மரீஹாவின் கையில் தோழியின் கல்யாணத்துக்குப் போட்ட மருதாணிக் கோடுகள் கலைந்து ஒரே சிவப்புத் திட்டாகியிருந்தன. அன்றைய தொடரில் கதாநாயகி சபதம் செய்வதற்காகத் தூக்கிய கையில் அதே மருதாணி, சுண்டுவிரலில் மரீஹா அவசரத்தில் இழுத்துவிட்ட கோணல் கோட்டோடு. ஜீனத்துன்னிசாவுக்கு இதன் கணக்கு விளங்கியது. டிவிக்கு வேண்டியது ஓர் அளவுதான். இன்னும் நுணுக்கமானது கிடைத்தால் பழையதை விட்டுவிடுகிறது. அப்படியானால் அது தேடிக்கொண்டேயிருக்கிறது. மரீஹாவை உள்ளறையை விட்டு வரக்கூடாது என்றாள். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கும் பெண், அம்மா சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். முற்றத்துக் கடைசியில் விளக்கை அணைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் கிடந்த கமருஸ்ஸமானும் சிரித்தார். அவருக்கு எப்போதும் அந்த இருட்டு மூலைதான்.

வியாழக்கிழமை காலை எழுந்தபோது வீட்டில் எல்லாமே திரும்பி வந்திருந்தது. மருதாணி மட்டும் பற்றாமல் அது கூடச் சேர்த்து எடுத்திருந்த ஜமுக்காளத்தின் நூல் நூலான வரி, முறத்தின் பின்னல், மாத்திரை அட்டையின் பொடி எழுத்து, எல்லாமே. நேற்று வரை திட்டாக இருந்த மருதாணிகூடக் கையில் திரும்பியிருக்க வேண்டும் என்று ஜீனத்துன்னிசா மகளைச் சந்தோஷமாகக் கூப்பிட்டாள். மரீஹா வந்தாள். கையில் மருதாணி இருந்தது. முகம் இல்லை. இல்லை என்றால் சுத்தமாக இல்லாமல் இல்லை. ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவளைப்போல இருந்தாள். மூக்கு இருக்கும் இடத்தில் மூக்கு என்று ஒன்று, கண் இருக்கும் இடத்தில் இரண்டு நிழல்கள். உதட்டு மேல் மச்சம் போய்விட்டது. "ஏம்மா அப்டி பாக்கற?" என்று கேட்ட குரலில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஜீனத்துன்னிசா பாய்ந்துபோய் டிவியை அணைத்தாள். ஒரு பகல் முழுக்க அணைத்து வைத்தும் முகம் வரவில்லை. செல்வகுமாரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவன் மரீஹாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "கழட்டிட்டுப் போவச் சொன்னா போறேன் பாயம்மா. ஆனா எடுத்தது அதுக்குள்ளதான் இருக்கு. அதோடயே போயிடும்னு பயமாருக்கு." அப்புறம் டிவியை அணைக்கவும் அவளுக்குத் துணிச்சல் இல்லை. செய்தி வாசிக்கிறவளின் உதட்டு மேல் அந்த மச்சம் வந்து உட்கார்ந்திருந்தது. அடுக்களையிலிருந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து அதை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த ஒரு வாரம் அந்த வீட்டில் யாரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் மரீஹா இன்னும் கொஞ்சம் கரைந்தாள். திங்களன்று பேருந்தில் கூடப் படிக்கிற பெண்ணே பக்கத்தில் உட்கார்ந்து, நீ யார் என்று கேட்டாளாம். செவ்வாயன்று புருவம் போயிற்று. ஜீனத்துன்னிசா சல்லடை, சரிகைச் சேலை, ஒரு தாம்பாளம் நிறையக் கசகசா என்று டிவி முன்னால் படையல்போல வைத்துப் பார்த்தாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தின் ருசி கண்டுவிட்டது. கடைசியில் தானே ஸ்டூலைப் போட்டு இரண்டு நாள் எதிரே உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வயதிலும் சுருக்கமில்லாத, அரைத்த மாவுபோல மழமழவென்ற முகம் என்று சொந்தக்காரர்கள் மெச்சிய முகம் அவளுடையது. டிவிக்கு அதில் எடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கு அது அவமானமாகவும் இருந்தது. வியாழன் சாயங்காலம் மரீஹா அடுக்களை வாசலில் நின்று எதுவோ முனகினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. கணவனை அவள் முதன்முதலாகச் சபித்தது அப்போதுதான். பெரிசு, பெரிசு என்று அலைந்த உங்கள் புத்திதான் என் பிள்ளையைத் தின்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னாள்.

கமருஸ்ஸமானுக்கு ஏழு வயதில் பெரியம்மை போட்டது. பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் நெற்றி முதல் தாடை வரை ஒரு விரல் வைக்க இடமில்லாமல் குழிகள். அதனால்தான் அவர் எங்கே போனாலும் வெளிச்சத்துக்கு எட்டாத இடமாகப் பார்த்து உட்கார்வார். படம் எடுக்கிறவர்களைக் கண்டால் பந்தலுக்குப் பின்னால் தேக்சாக்களை எண்ணப் போய்விடுவார். நிக்காஹ் அன்று பெண்கள் ஜீனத்துன்னிசாவைச் சூழ்ந்துகொண்டு இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று உச்சுக்கொட்டினார்கள். அவளும் ஒரு வாரம் அழுதாள். பிறகு பழகி, பிறகு பிடித்து, எந்தக் குழி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லும் அளவுக்கு ஆனது. இடது காதுக்குக் கீழே கடுகளவில் ஒன்று இருந்தது. அவளுக்கு அதுதான் உயிர். இதையெல்லாம் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நம் வீடுகளில் யார் சொல்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தவர் சாப்பிட உட்காரவில்லை.

"ஜீனத்து, பெரிய தேக்சாவுல பத்துப் பேருக்கு மட்டும் அரிசி போட்டு அடுப்பேத்துனா என்னாவும்?"

"அடி புடிக்கும். இப்ப எதுக்கு அது?"

"நெருப்புக்குத் தீனி பத்தலைன்னா பாத்தரத்தையே தின்னும். நாந்தான் தேக்சாவை மட்டும் பாத்து வாங்கிட்டேன், உள்ள போட அரிசி இருக்கான்னு பாக்கல." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இப்ப ரொப்பணும்."

அவர் ஸ்டூலை இழுத்துத் திரைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் போட்டார். அத்தனை நாளாக மூடியிருந்த இரண்டு ஜன்னல்களில் ஒன்றைத் திறந்தார். மழை விட்டிருந்த மதிய வெயில் உள்ளே விழுந்து பாதி முகத்தைக் காட்டியது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"வேணாங்க."

"என் மூஞ்சியிலதான் நெறைய இருக்கு. அம்மை போட்டதுக்கு இன்னிக்குத்தான் ஒரு வேலை வந்துருக்கு, உடு."

"அது உங்களுது மட்டும் இல்ல. எனக்கு அந்த மூஞ்சிதான் வேணும்."

இருபத்தேழு வருஷத்தில் கேட்காத சொல். கமருஸ்ஸமான் திரும்பி அவளைப் பார்த்தார். பொய் சொல்கிறாளா என்று தேடினார்; பொய் இல்லை. வெட்கமும் சந்தோஷமும் அவர் முகத்தில் ஒன்றாக வந்ததை அவள் பார்த்தாள். உள்ளறையில் மரீஹா விசும்புவது கேட்டது. ஜீனத்துன்னிசா ஒரு கணம் நடுக்கூடத்தில் நின்றாள். மகள் முகமா, இவர் முகமா என்று அவளைக் கேட்டால் என்ன சொல்வாள்? பிறகு அவளே நடந்துபோய் இரண்டாவது ஜன்னலையும் திறந்துவிட்டாள்.

வெயில் முழுசாக அவர் மேல் விழுந்தது. திரையில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பளிங்குபோன்ற கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்த பெண்ணின் முகத்தில் முதல் குழி விழுந்தது. அடுத்தது நெற்றியில். அப்புறம் ஆலங்கட்டி மழைபோல. விளம்பரம் முடிவதற்குள் அந்தப் பெண் அம்மை போட்டுப் பிழைத்தவளாகி, அப்போதும் சிரித்துக்கொண்டேயிருந்தாள். உள்ளறைக் கதவு திறந்தது. மரீஹா வெளியே வந்தாள், மச்சமும் புருவமும் ஓரத்தில் வெட்டுப்பட்ட முன்பல்லுமாக. கண்ணீர் மூக்கின் ஓரமாக வழிவது துல்லியமாகத் தெரிந்தது. "அத்தா" என்று கூப்பிட்டாள். ஸ்டூலில் இருந்தவர் திரும்பவில்லை. மகள் பயந்துவிடக் கூடாதே என்று துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

பயப்பட ஒன்றும் இருக்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. தொழுகையில் பக்கத்தில் நிற்பவர்கள் இருமலை வைத்து அவரை அடையாளம் கண்டார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஆள் அழகாகக்கூட இருக்கிறார் என்று தேக்சா எடுக்க வருகிறவர்கள் சொன்னார்கள். மரீஹாவின் நிக்காஹில் கமருஸ்ஸமான் வாழ்க்கையில் முதல்முறையாக மேடையில் முன்வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார். படக்காரர் தன் கேமராவின் மேல்தான் தப்பு என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். அப்புறம் நல்ல சிக்னல் தரும் புதுப் பெட்டிகள் வந்தபோது செல்வகுமார் ஒன்றைக் கொண்டுவந்தான். இதைப் போட்டால் டிவிக்கு வெளியிலிருந்து எதுவும் தேவைப்படாது, ஆனால் உள்ளே இருப்பது திரும்பி வருமா அழிந்துவிடுமா என்று தனக்குத் தெரியாது என்றான். ஜீனத்துன்னிசா அவனுக்கு டீ கொடுத்து, பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

கிருஷ்ணசாமிக்கு மட்டும் ஆசை விடவில்லை. ஒருநாள் மாலை வந்து, தன் வீட்டுக்கும் இதே அளவில் ஒன்று வாங்கலாமா, வீட்டுக்கு இவ்வளவு பெரிசு தேவைதானா என்று ஜீனத்துன்னிசாவையே கேட்டார். "உங்க வீட்டுக்கு வேணாம்ண்ணே," என்றாள் அவள். "எங்க வீட்டுக்கு வேணும். சின்னதா இருந்தா இவரு காதுக்குக் கீழ இருக்கறது தெரியாது." தொடர் ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு அந்தக் கடுகளவுத் தழும்பு கதாநாயகியின் தம்பிக்கு வந்திருந்தது. இப்போதெல்லாம் விளக்கடியிலேயே நாற்காலி போட்டு உட்காரும் கமருஸ்ஸமான், காலை நீட்டிக்கொண்டு திரைக்கு நேரே இருந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள் ஜீனத்துன்னிசா. "உங்க மூஞ்சிய நீங்களே மறைக்கறீங்க."

அவர் நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டார்.