மூன்று நாளும் பத்து நாளும்

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் அக்காவும் தங்கையும் ஒரே மேசையில்தான் வேலை பார்த்தார்கள். பெரியவள் நோயாளியின் காலில் மாவுக்கட்டைச் சுற்றி அச்செடுப்பாள். சின்னவள் செய்து முடித்த காலுக்குத் தோல்வார் தைப்பாள். மூன்று மாதமாக இருவரும் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேச்சு பேசவில்லை. "கத்திரியக் குடு", "வார் நீளமாப் போச்சு", அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு முன் வெளிநாடுகள் சேர்ந்து நெருக்கி, இரண்டு தரப்பையும் சண்டையை மூன்று நாள் நிறுத்த வைத்தன. அப்போது பெரியவளின் ஒன்பது வயது மகளுக்குக் குடல்வால் வெடித்திருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து தீர்ந்து போயிருந்தது. முற்றுகையால் மூடிக்கிடந்த பாலத்தை முதல் நாள் காலையில் திறந்தார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் சின்னவளின் கணவன், மின்வாரிய லைன்மேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதே மூன்று நாளில் எதிர்ப்படை வடக்கு மலைமேல் பீரங்கிகளை ஏற்றிவிட்டது. நாலாம் நாள் காலை, மலையடித் தெருவில் அறுந்த கம்பியை இழுத்துக் கட்ட அவன் கம்பத்தில் ஏறினான். முதல் குண்டு அங்கேதான் விழுந்தது.

இப்போது மறுபடியும் வெளிநாட்டுத் தூதுக்குழு வருகிறதாம். பட்டறை மேலாளர் பெரியவளிடம் வந்து நின்றார்.

"சண்டைய நிறுத்தச் சொல்லி நெருக்கலாமா வேண்டாமான்னு ஜனங்க வாயால கேக்கணுமாம். நீ பேசும்மா. உன் பொண்ணு பிழைச்சதச் சொன்னா கல்லும் கரையும்."

சின்னவளின் ஊசி பாதித் தோலில் நின்றது. அச்செடுக்க, முழங்காலோடு போன காலை நீட்டிக்கொண்டிருந்த லாரிக்காரர் மட்டும், "என்னையும் கேக்கச் சொல்லுங்க சார். கொசுவுக்குப் பாதி சாப்பாடு கொறஞ்சு போச்சுன்னு நானும் ஒரு குறை சொல்லணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பெரியவள் தங்கை வீட்டுக்குப் போனாள். சின்னவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்டி? நீ வேண்டாம்னா வாயே திறக்க மாட்டேன்."

"நல்லா இருக்கே! நான் வேண்டாம்னு சொல்லி, எவளோட பிள்ளையோ பாலம் திறக்காம செத்தா, அதையும் நான் சுமக்கணுமா?"

"அப்ப வேணும்னு சொல்லவா?"

சின்னவள் தட்டைப் படாரென்று வைத்தாள். "இன்னும் ரெண்டே நாள் விட்டிருந்தா மலை நம்ம கைக்கு வந்திருக்கும்னு என் வீட்டுக்காரரே சொன்னாருக்கா. எங்கேயோ உக்காந்துகிட்டு நிறுத்துன்னாங்க, நிறுத்தினோம். மலை அவங்களுக்குப் போச்சு."

"அந்த ரெண்டு நாள்..." என்றாள் பெரியவள். அந்த இரண்டு நாளில் தன் பிள்ளை போயிருக்கும். சின்னவளுக்கும் அது தெரியும். குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு சுவரில் சாய்ந்து அழுதாள். பெரியவள் பக்கத்தில் நின்றாள். தொடத் துணிவில்லை.

மறுநாள் தூதுக்குழுவின் தலைவி மொழிபெயர்ப்பாளரோடு பட்டறைக்கு வந்தாள். பெரியவள் எழுந்தாள்.

"என் பொண்ணு உயிரோட இருக்கறது அந்த மூணு நாளாலதான். அவளத் தூக்கிட்டு ஓடின இவ புருஷன் செத்ததும் அதே மூணு நாளாலதான். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

"அப்படியானால் நாங்கள் நெருக்க வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள் தலைவி.

பதில் சின்னவளிடமிருந்து வந்தது. "நெருக்குங்க. ஆனா நிறுத்துன்னு சொல்லிட்டுப் போயிடாதீங்க. மலைமேல உங்க ஆள் நிக்கணும். எந்தப் பக்கம் வண்டி ஏறினாலும் தடுக்கணும்."

அதற்குத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றாள் தலைவி. குரல் தாழ்ந்திருந்தது. மலையில் வண்டி ஏறினால் சொல்லச் சொல்லி ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

ஒரு வாரத்தில் பத்து நாள் போர்நிறுத்தம் வந்தது. பாலம் திறந்தது. பால் வண்டியும் மருந்து வண்டியும் வந்தன. இரண்டாம் நாள் மத்தியானம் மலைப்பக்கம் கனரக வண்டிகள் உறுமுவது கேட்டது. சின்னவள் அந்த எண்ணுக்குப் போன் செய்தாள். குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். மறுநாளும் செய்தாள். மறுநாளும் குறித்துக்கொண்டார்கள்.

"அவங்க குறிச்சிட்டே இருக்கட்டும். நாம தெருவக் காலி பண்ணுவோம்" என்றாள் அக்காவிடம்.

வேலை முடிந்ததும் இருவரும் மலையடித் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சிலர் உடனே மூட்டை கட்டினார்கள். சிலர், "சண்டைதான் நின்னுபோச்சே, அபசகுனமாப் பேசறது எதுக்கு?" என்று கதவைச் சாத்தினார்கள். சின்னவள் நின்ற இடத்தில் நின்று, கணவன் ஏறிய அந்தக் கம்பத்தைக் காட்டினாள். பாதிப்பேர் அதைப் பார்த்துத்தான் கிளம்பினார்கள். லாரிக்காரர் புதுக்காலோடு வண்டி ஓட்டக்கூடாது என்று பெரியவள் தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல், ஏழு நடை அடித்து எல்லாரையும் தெற்குப் பக்கப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார். கடைசி வீட்டுத் தையற்காரரும் மனைவியும் மட்டும் அசையவில்லை.

பதினோராம் நாள் விடிந்ததும் மலை முழங்கியது. ஒன்பது வீடுகள் தரைமட்டமாயின. எட்டில் ஆளில்லை.

மத்தியானம் சத்தம் ஓய்ந்தபோது, பள்ளிக்கூட வராந்தாவில் பெரியவள் கேட்டாள்: "மறுபடியும் அவங்க வந்து கேட்டா?"

"நெருக்குங்கன்னுதான் சொல்வேன்" என்றாள் சின்னவள். "ஆனா போன தடவை மாதிரி நம்பிச் சொல்ல மாட்டேன்க்கா. பயந்துக்கிட்டேதான் சொல்வேன்."

தையற்காரர் வீட்டில் தோண்ட ஆள் போதவில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். இருவரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.