தீர்த்தம் படாத பூ

அல்போன்சுக்குச் செடி கொடி என்றாலே ஆகாது. காலமெல்லாம் பேக்கரி அடுப்பில் ரொட்டி சுட்ட மனுஷன். தின்ன முடியாத எதன் மீதும் அவருக்கு மரியாதை கிடையாது. மனைவி வேளாங்கண்ணி வாசலோரம் வளர்த்த மஞ்சள் காந்தளைப் பார்க்கும்போதெல்லாம், "கெழங்கு வெசம், பூவுல வாசமும் இல்ல, இதைப் போய் இந்தத் தாங்கு தாங்கறியே" என்று வம்புக்கு இழுப்பார். மற்ற காந்தள் எல்லாம் விரிந்த இரண்டொரு நாளில் சிவந்துவிடும். அவளுடையது வாடும்வரை மஞ்சளாகவே நிற்கும். அதில் அவளுக்குக் கொள்ளைக் கர்வம். ஒரே குறை, அது ஒரு தடவைகூடக் காய் பிடித்ததில்லை.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு அதே மனுஷன் அந்தச் செடிக்குக் குடை கட்டிவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் இருந்தார். ஆற்று வெள்ளம் அரியாங்குப்பத்து வீட்டுக்குள் புகுந்து வடிந்ததில் மண்ணுக்குள் இருந்த கிழங்குகள் அழுகிப்போயின. தப்பியது ஒன்றே ஒன்று. அது ஒரு தண்டு விட்டு ஒரு மொட்டு வைத்தது. அந்தத் தண்டின் அடியும் கொழகொழவென்று இருந்தது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டை நர்சரிக்கு ஓடினார்.

நர்சரிக்காரி சந்திரகலா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "கெழங்கு தேறாதுண்ணே. காய் முத்துற வரைக்கும் தாங்குனா உங்க அதிர்ஷ்டம். வெத எடுத்தாத்தான் உண்டு. அதோட மகரந்தத் தூளை அதுக்கே வெச்சா சரியா புடிக்காது, வேற செடியோட தூள் வேணும். பிள்ளைச்சாவடி பக்கம் வேலியில காடா கெடக்கும். பூ விரிஞ்ச அன்னிக்கே காலையில வெச்சிடுங்க. தூள்ல மட்டும் தண்ணி படக் கூடாது. பட்டா போச்சு."

மனைவி கோயிலுக்குப் பிடித்துப்போகும் நீலக் குடையைச் செடிக்கு மேல் கட்டியது அன்றைக்குத்தான். லாஸ்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் ஜாஸ்லினிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அம்மாவை நினைத்து அழுவாள். அவருக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை.

மொட்டு விரிந்தது கல்லறைத் திருநாளன்று. மனைவி போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள். வேறு நாளே கிடைக்கவில்லையா உனக்கு என்று பூவைத் திட்டிக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தார். பிள்ளைச்சாவடியில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த கமலவேணியின் வேலி முழுக்கச் சிவப்புக் காந்தள் படர்ந்திருந்தது. விஷயத்தைக் கேட்டு அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். ஆனாலும் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அல்போன்ஸ் தூள் நிறைந்த காம்புகளைத் தீப்பெட்டிக்குள் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்து, பையைக் கையால் மூடியபடி ஒற்றைக் கையால் வண்டி ஓட்டி வந்தார்.

வீட்டு வாசலில் குடை அப்படியே இருந்தது. குடைக்கு அடியில் பூ இல்லை. யாரோ கத்தரிக்கோலால் சுத்தமாக நறுக்கியிருந்தார்கள்.

செல்போனை எடுத்துப் பார்த்தால் மகள் பலமுறை அழைத்திருக்கிறாள். திரும்பக் கூப்பிட்டார்.

"எங்க பப்பா போயிட்டீங்க? அம்மா பூ பூத்திருந்துச்சு, எடுத்தாந்து கல்லறையில வெச்சிட்டேன். எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா! சாமி மந்திரிக்க ஆரம்பிச்சிட்டாரு, சீக்கிரம் வாங்க."

அவளை என்ன சொல்லித் திட்டுவது? அம்மாவுக்குப் பிடித்த பூவை அம்மாவுக்கு வைத்திருக்கிறாள். அல்போன்ஸ் அந்த வெட்டுப்பட்ட தண்டைப் பார்த்தபடி ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சவப்பெட்டி மேல் மண் விழுந்தபோதுகூட அவருக்கு இப்படி இல்லை. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பினால் அவள் வைத்த செடியாவது இருக்கும் என்று இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. பைக்குள் தீப்பெட்டி குத்தியது. எடுத்து வீசப்போனவர் கையை நிறுத்தினார். இந்தத் தூளை வாங்கிக்கொள்ளத்தான் பூ இல்லை. அந்தப் பூவிலும் தூள் இருக்கிறதே. அதைக் கொண்டுபோய் அந்த வேலியில் வைத்தால்? பாதியாவது அவளுடைய செடி.

அப்போதுதான் மகள் கடைசியாகச் சொன்னது உறைத்தது. சாமி மந்திரிக்க ஆரம்பித்துவிட்டார். மந்திரிப்பு என்றால் தீர்த்தம் தெளிப்பார். தீர்த்தமும் தண்ணீர்தானே!

குடையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வண்டியை முறுக்கினார். ஆற்றுப் பாலத்தில் நெரிசல். டவுனுக்குள் கல்லறை வாசலில் பூக்கடை, மெழுகுவத்திக் கடை, ஊர்ப்பட்ட கூட்டம். "தள்ளுங்க, தள்ளுங்க" என்று கத்திக்கொண்டு ஓடினார். சுண்ணாம்பு அடித்த கல்லறைகளுக்கு நடுவே சாமியார் இடதும் வலதுமாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். வேளாங்கண்ணிக்கு இரண்டு கல்லறை தள்ளி நின்றார். ஈர மணலில் செருகிய மஞ்சள் பூ தீயாக நின்றது.

அல்போன்ஸ் பாய்ந்து போய்க் குடையை விரித்துக் கல்லறை மேல் பிடித்தார். தீர்த்தம் குடை மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொண்டாட்டி கல்லறையில் தீர்த்தம் படாமல் தடுக்கும் புருஷனை யார் கண்டார்கள்! சாமியார் தெளிக்கும் கையை அப்படியே நிறுத்தினார். ஒரு கிழவர், "புத்தி பெரண்டு போச்சுபோல" என்றார்.

ஜாஸ்லின் முகம் சிவந்துவிட்டது. "பப்பா, என்ன பண்றீங்க? மானம் போவுது. குடையை மடக்குங்க!"

"மடக்க மாட்டேன்." சாமியார் பக்கம் திரும்பினார். "சாமி, மன்னிச்சிக்குங்க. இந்தப் பூவுல தண்ணி படக் கூடாது. பட்டா அவ செடி அத்தோட செத்துப்போவும். கெழங்கும் அழுகிப்போச்சு, என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

பிறகு மகளைப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டினார். கேட்கக் கேட்க ஜாஸ்லினின் கை தன் வாய்க்குப் போனது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா பப்பா?" என்றாள். அவள் மண்டியிட்டுப் பூவை மணலிலிருந்து மெல்ல எடுத்தாள். குடைக்கு அடியில், துப்பட்டாவால் கூடாரம்போல் மூடிக்கொண்டாள். சாமியார் ஒதுங்கி வழிவிட்டார். அவர்கள் நகர்ந்த பிறகு வெறும் மணலில் தீர்த்தம் தெளித்தார்.

பிள்ளைச்சாவடி போய்ச் சேர்வதற்குள் வானம் கறுத்துவிட்டது. துப்பட்டாவை விலக்கிப் பார்த்தால், ஆறு காம்பில் நான்கில் எப்படியோ ஈரம் பட்டுத் தூள் கட்டிப்போயிருந்தது. இரண்டுதான் தேறின. அல்போன்ஸ் ஒன்றைக் கிள்ளினார். அடுப்புச் சூட்டில் மரத்துப்போன விரல். பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. காம்பு நழுவி நேரே சேற்றில் விழுந்தது.

"ஐயோ ஆண்டவரே" என்று தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாத்தையும் கெடுக்கறேன். அவ இருந்தா இந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டா."

"தள்ளுங்க பப்பா. நான் வெக்கிறேன்."

ஜாஸ்லின் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிக் காம்பை எடுத்தாள். அன்று விரிந்த வேலிப் பூ ஒன்றில், பக்கவாட்டில் வளைந்து நீண்ட சூல்தண்டின் நுனியில் மெல்லத் தடவினாள். மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டது. கமலவேணி தன் சேலை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி அந்தப் பூவின் காம்பில் அடையாளம் கட்டினாள்.

"காய் புடிக்குமாம்மா?" என்று அல்போன்ஸ் கமலவேணியிடம் கேட்டார், ஏதோ அவள் கையில் இருப்பதுபோல.

"எனக்கு என்னா தெரியும்? புடிச்சா ஒங்க அதிர்ஷ்டம்."

"நான் தெனம் வந்து பாத்துட்டுப் போலாமா?"

கமலவேணி மஞ்சள் பூவையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லாக் கேட்டீங்க போங்க. பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு. சம்பந்தி வூட்டுக்கு வர யாராவது உத்தரவு கேப்பாங்களா?"

மனைவியின் அடக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அல்போன்ஸ், கருவாட்டு வாசத்துக்கு நடுவே நின்று ஓவென்று அழுதார். ஜாஸ்லின் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மழை பிடித்துக்கொண்டது. அவர் மூக்கைச் சிந்திவிட்டு, நீலக் குடையை விரித்து நூல் கட்டிய பூவுக்கு மேலே வேலியோடு சேர்த்துக் கட்டினார். பிறகு அப்பாவும் மகளும் மஞ்சள் பூவைத் திரும்பக் கல்லறையில் வைக்க, நனைந்துகொண்டே வண்டியில் கிளம்பினார்கள்.