ஆள்காட்டி விரல் தேய்த்த இடம்

கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் துப்பாக்கிகளுக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் தன் வேலை என்று அவள் சொன்னால் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள். "இதுக்கெல்லாமா ஆள் வெச்சிருக்காங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்தாள். வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியின் மேல் போர்த்துகிற அந்தப் பெயிண்டுக்கு ஸ்கின் என்று பெயர். அதனால் குண்டு வேகமாகவும் பாயாது, குறியும் கூர்மையாகாது. வெறும் அழகுதான். அந்த அழகுக்குத்தான் ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு காசைக் கொட்டுவார்கள்.

அதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரே ஸ்கின் ஐந்து தரத்தில் வரும். கடையிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி ஒன்று, லேசாகத் தேய்ந்தது ஒன்று, அப்படியே இறங்கிக்கொண்டு போய், கடைசியில் பெயிண்டெல்லாம் உரிந்து தகரம் பல்லிளிக்கிற ஒன்று. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண் அது பிறக்கும்போதே அதன் தலையில் எழுதப்பட்டுவிடும். அதற்கப்புறம் ஆயிரம் தடவை சுட்டாலும் புதிதாக ஒரு கீறல் விழாது. தொடாமலே வைத்திருந்தாலும் இருக்கிற கீறல் ஆறாது. எண் பூஜ்யத்துக்குக் கிட்டே இருந்தால் யானை விலை. ஒன்றை நெருங்கினால் சீந்த ஆள் இருக்காது.

ஆனால் வரைகிறவள் ஐந்தையும்தான் வரைய வேண்டும். எங்கே முதலில் உரியும், எங்கே கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவள்தான் முடிவு செய்து கொடுக்க வேண்டும். அங்கேதான் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினாள். "புதுசு பிரமாதம். பழசு பழசாவே இல்லையே, வெறும் அழுக்கா இருக்கு," என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார் விளையாட்டுக் கம்பெனியில் ஸ்கின்களைத் தேர்வு செய்கிறவர். "உப்புத் தூவின மாதிரி எல்லா இடத்துலயும் கீறியிருக்கீங்க. ஒரு ஆள் பிடிச்சுப் பிடிச்சுத் தேய்ஞ்ச பொருள் இப்படியா இருக்கும்?"

அவர் சொன்னது நியாயம். அது அவளுக்கும் தெரியும். அந்தச் சமயத்தில் அவளுக்கு வேலையில் மனசு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் கணவன் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் பிட்டர். எந்நேரமும் கையில் துளைபோடும் மெஷினோடு திரிவதால் அங்கே எல்லோருக்கும் அவன் 'டிரில்லு'. அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால், ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, பிரஸ் மெஷின் அவனுடைய வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தன் கருவிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகக் காலால் தள்ளினான். எப்படி ஆச்சு என்று யார் கேட்டாலும் "போச்சு" என்பான். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் வாங்க முடியாது. அவளிடமும் அதே ஒரு வார்த்தைதான்.

ஒருநாள் அவன் கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போயிருந்தபோது அவள் அந்தப் பெட்டியை வெளியே இழுத்தாள். தேய்ந்த பொருள் ஒன்றைப் பார்த்து வரைய வேண்டும் என்பதுதான் எண்ணம். மேலாகவே கிடந்தது அந்த டிரில். ஆரஞ்சு பெயிண்ட் அடித்த இரும்பு உடம்பு. பதினோரு வருஷம் அவன் கையிலேயே கிடந்தது. பிடியில் உள்ளங்கை பட்ட இடம் மழமழவென்று இருந்தது. கடைசி இரண்டு விரல்கள் சுற்றிப் பிடித்த இடத்தில் இரண்டு வரிகள். அதற்கு மேலே, உடம்பின் பக்கவாட்டில், நேராக ஒரு நீளத் தடம். மற்றவர்கள் ஆள்காட்டி விரலால் விசையை அமுக்குவார்கள். இவன் நடு விரலால் அமுக்குவான். ஆள்காட்டி விரலை நீட்டி மெஷின் மேல் பதித்துக்கொள்வான். "துளை எங்க போகுதுன்னு விரல் காட்டணும்ல," என்று ஒருமுறை விளக்கம்கூடச் சொல்லியிருக்கிறான்.

அவள் தரையில் உட்கார்ந்து அந்தத் தடத்தின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் விரல் குட்டை. பாதித் தடம் மிச்சம் இருந்தது. அழுகை வரவில்லை. நாற்பது போட்டோ எடுத்தாள், அளவெடுத்தாள், பெட்டியை இருந்தபடியே தள்ளி வைத்தாள். அந்தத் தேய்மானத்தை அப்படியே துப்பாக்கியின் மேல் பதினோரு நாள் ராப்பகலாக வரைந்து அனுப்பினாள். ஒரே வாரத்தில் பதில் வந்துவிட்டது.

"எடுத்துக்கிட்டாங்க," என்றாள் அவனிடம்.

"நல்லது," என்றான். எதை என்று அவன் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்கின் வெளிவந்த பிறகு யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. புத்தம் புதுசு வெறும் ஆரஞ்சாக இருந்தது. ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசித் தரம்தான் எகிறியது. பெயிண்டெல்லாம் மங்கி, விசைக்கு மேலே அந்த நீளத் தடம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. விளையாடுகிறவர்கள் அதற்கு ஒரு கதை கட்டிவிட்டார்கள். தேவைப்படும்வரை விசையில் விரல் வைக்காத பழுத்த சிப்பாயின் துப்பாக்கியாம் அது. எண் ஒன்றை நெருங்க நெருங்கத் தடம் துலக்கமாகத் தெரிந்தது, விலையும் கூடவே ஏறியது. ஊரே அழுக்கு என்று ஒதுக்குகிற தரம், இந்த ஒரு துப்பாக்கியில் மட்டும் ராஜாவாக உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் முள் குத்தியது. அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். நினைப்பதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டர் பழப் பையோடு வந்தான். கணவனோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவன். வாசலிலேயே "என்ன டிரில்லு..." என்று ஆரம்பித்தவன், நாக்கைக் கடித்துக்கொண்டு, "எப்படி இருக்கே?" என்று மாற்றினான். பேச ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் காபியைக் குடித்தார்கள். பேச்சுக்கு வழி கிடைத்த சந்தோஷத்தில் வெல்டர் போனை எடுத்தான்.

"உன் வீட்டம்மா நம்ம ஷிஃப்ட்ல பெரிய ஆளு, தெரியுமா? நாங்க நாலு பேரு இந்த விளையாட்டுதான் ஆடறோம். இந்தா பாரு, இது அவங்க பண்ணதுதான். இதுல பழசுக்குத்தான் மவுசு. என்கிட்ட இருக்கறது நடுத்தரம், தடம் பாதிதான் தெரியும். முழுசா தெரியறதை வாங்க நம்மால ஆகாதுப்பா."

அடுக்களையிலிருந்து அவள் ஓடி வருவதற்குள் போன் கணவனின் இடது கைக்குப் போய்விட்டது. அவன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கு," என்றான். வெல்டருக்கு ஒன்றும் புரியவில்லை. புறப்படும்போது அவளிடம், "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான். "இல்லைண்ணா," என்றாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"கேட்கலை."

"ஏன்?"

"கேட்டா வேணாம்பீங்க."

"அப்போ தெரிஞ்சேதான் எடுத்திருக்கே."

"ஆமா."

அவன் குரல் ஏறவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "என் கை என் உடம்போட இருந்தப்போ இவ்வளவு விலை எவனும் குடுக்கலை. போனதுக்கப்புறம் நீ நல்ல விலைக்கு வித்திருக்கே."

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்றது?"

அவளுக்கு அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அப்போது உடைந்தது. "உங்களுக்கு மட்டும்தான் போச்சா? பதினாலு வருஷம் அந்தக் கையைப் பிடிச்சு ரோடு கிராஸ் பண்ணவ நான். ஒரு வார்த்தை பேச விட்டீங்களா? போச்சு, போச்சு, போச்சு. நான் எங்க போய் உட்கார்ந்து அழறது? அந்தப் பெட்டிக்கிட்டதான் உட்கார்ந்தேன். அங்கயும் அழ வரலை. எனக்குத் தெரிஞ்சது வரையறது ஒண்ணுதான்."

அவன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். அடுத்த பத்து நாள் அந்த வீட்டில் சாப்பாடு, குளியல், மின்சார பில் தவிர வேறு பேச்சு இல்லை.

அதற்குள் அவள் விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதினாள். அந்தத் தடத்தை அழித்துவிட முடியுமா, தனக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்கிறேன் என்று கேட்டாள். மரியாதையாகத்தான் மறுத்தார்கள். வாங்கியவர்கள் கையில் இருப்பதை மாற்ற முடியாது, அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றார்கள். அந்தப் பதிலை அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவன் கடைசி வரிவரை படித்தான்.

"கெஞ்சியிருக்கே."

"ஆமா."

"எங்க, அதை எனக்குக் காட்டு."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் மேஜைக்கு முன் உட்கார்ந்தான். திரையில் துப்பாக்கி திரும்பி நின்றது. தேய்மானத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையைக் காட்டிக் கொடுத்தாள். அவன் இடது கையால் மௌஸைப் பிடித்து மெதுவாக இழுத்தான். பெயிண்ட் உரிந்தது. திரும்ப இழுத்தான். பெயிண்ட் மூடிக்கொண்டது.

"பதினோரு வருஷத்தை ஒரு சாணுக்குள்ள அடக்கிட்டியே," என்றான். அப்புறம் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனான். "கட்டை விரல் தப்பு. இங்க இவ்வளவு தேயாது. நான் அங்க அழுத்த மாட்டேன். அவசரப்படறவன்தான் கட்டை விரலால அழுத்துவான்."

சொல்லிவிட்டு மௌஸிலிருந்து கையை எடுத்தான்.

"அன்னைக்கு நான் அவசரப்பட்டேன்," என்றான்.

"பிரஸ்ல கை உள்ள போகாம ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். அது இருந்தா ஒவ்வொரு பீஸுக்கும் நேரம் பிடிக்கும். நானே கழட்டி வெச்சேன். ஒரு மணி நேரம் முன்னாடியே. சூப்பர்வைசர் ரெண்டு தடவை மாட்டச் சொன்னார், மாட்டறேன் மாட்டறேன்னேன். அப்புறம் ஆஸ்பத்திரியில வந்து கேட்டாங்க. தடுப்பு முன்னாடியே உடைஞ்சிருந்துச்சு, சொல்லியும் சரி பண்ணலைன்னு சொல்லிட்டேன். பழியெல்லாம் அவர் தலையில விழுந்துச்சு. வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. ரெண்டு பொண்ணுங்க அவருக்கு."

வெளியே யாரோ சைக்கிள் பெல் அடித்துக்கொண்டு போனார்கள். அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இதை யார்கிட்ட சொல்ல முடியும்? அதான் போச்சுன்னு சொல்லிட்டிருந்தேன்." பிறகு, "இதையும் வரைஞ்சிடாதே," என்றான். அது கிண்டலா கெஞ்சலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மாட்டேன்," என்றாள். பிறகு, "தொழிற்சாலையில போய் உண்மையைச் சொல்லணும்ங்க," என்றாள்.

"தெரியும்."

"நானும் வர்றேன்."

திங்கட்கிழமை காலை அவன் சட்டைக்கு அவள் பட்டன் போட்டுவிட்டாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக அதற்கு அவன் முகம் சுளிக்கவில்லை. தொழிற்சாலை வாசலில் அவளை நிறுத்திவிட்டு மேனேஜர் அறைக்குத் தனியாகப் போனான். முக்கால் மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். இடது கையால் போட்ட கையெழுத்து என்பதால் மூன்று தடவை போடச் சொன்னார்களாம்.

நஷ்ட ஈட்டில் ஒரு பகுதியை நிறுத்திவிட்டார்கள். விசாரணை ஒரு மாதம் இழுத்தது. வேலை போகும் என்று நினைத்தான். ஆனால் கருவிகள் வைக்கும் ஸ்டோரில் உட்காரச் சொன்னார்கள். சூப்பர்வைசரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார். தினமும் ஸ்டோர் ஜன்னலுக்கு வருகிறார், வேண்டியதைச் சீட்டில் எழுதி நீட்டுகிறார், எடுத்துக்கொண்டு போகிறார். இவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

"இன்னைக்காவது பேசினாரா?" என்று அவள் சாயங்காலம் கேட்பாள்.

"இல்லை," என்பான். "நான் அவர் இடத்துல இருந்தா நானும் பேச மாட்டேன்." சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் அன்றைக்கு என்னென்ன வாங்கிப் போனார் என்று ஒன்று விடாமல் அவளிடம் சொல்ல ஆரம்பிப்பான்.