நீல மணல்

லோரியானாவின் பட்டறையில் ஒரே ஒரு விதிதான் எழுதப்படாமலே காக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் கம்பளி எதுவானாலும், முதலில் பதினான்கு நாள் குளிர் அறையில் கிடக்க வேண்டும். மூடிப்போன ஐஸ்கிரீம் கடை ஒன்றிலிருந்து அவள் வாங்கி வந்த இரும்பு அறை அது. பாதிரியாரின் மேலங்கியே வந்தாலும் அதற்கும் அதே பதினான்கு நாள்தான். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சி அந்தக் குளிரில் சாகும். மருந்து அடித்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அவள் தைத்த ஒவ்வொரு கோட்டின் உட்புறத்திலும் மூன்று வாக்குகள் பின்னப்பட்டிருந்தன: சாயம் இல்லை, விஷம் இல்லை, எப்போது கொடுத்தாலும் திரும்ப வாங்கிக்கொள்வோம்.

பிசென்சியோ ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள எங்கள் ஊர்கள், பழைய கம்பளியைப் பிய்த்து நூற்று மறுபடியும் நெய்து பிழைப்பவை. உலகத்துக் கந்தல் எல்லாம் இங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நான் பாடம் நடத்திய வகுப்பில் கடைசி பெஞ்சில் அமர்ந்து, பாட நேரத்தில் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த லோரியானா, அந்தப் பெரிய தொழிலை ஒரு சிறிய வட்டத்துக்குள் கொண்டுவந்தாள். ஊரார் தரும் பழைய உடுப்பைப் பிரித்து, ஆற்றின் மேற்பக்கத்து ஆலையில் நூற்க வைத்து, கீழ்ப்பக்கத்துத் தறியில் நெய்ய வைத்து, கோட்டாகத் தைத்து அதே ஊராருக்கு விற்றாள். ஆறு ஆண்டுகளில் இருநூறு வீடுகளில் அவளுடைய கோட்டுகள் தொங்கின. என் வீட்டில் தொங்கியது சாம்பல் நிறம்.

பிரிக்கிற வேலை அவளுடைய பெரியப்பா மகன் நேதோவுடையது. சாயம் தொடாத தொழிலில் நிறம் பிரிப்பதுதான் உயிர். சிவப்பு சிவப்போடு, பச்சை பச்சையோடு என்று அவன் கட்டிய குவியல்கள் ஆளுயரம் நின்றன. எதைக் கையில் எடுத்தாலும் அவன் கண் முதலில் தேடுவது நிறத்தைத்தான். பல சமயம் அதோடு நின்றும்விடும்.

அந்த ஆண்டு புனித மார்ட்டின் திருநாள் ஊர்வலத்துக்கு, ஊர் வாத்தியக் குழுவினர் இருபது நீலக் கோட்டுகள் கேட்டார்கள். நீலம் போதவில்லை. செப்டம்பர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை ஆலையில் அவளுடைய முறை. அதைத் தவறவிட்டால் டிசம்பர் வரை சக்கரம் அவளுக்காகச் சுற்றாது. அதற்கு மூன்று நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலையில், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் துல்லியோ ஒரு பெரிய மரப்பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

“இருபத்திரண்டு கோட்டு. எங்க டிப்போ மூடுனப்போ யாரும் எடுத்துக்கல, என் கொட்டகையிலயே கெடந்துச்சு. பெட்டியோட வச்சுக்கோம்மா. அதுல இடிச்சு இடிச்சு என் முழங்காலே போச்சு.”

“முழங்காலையும் விட்டுட்டுப் போங்க. நேதோ பிரிச்சுக் குடுப்பான்.”

“அவனா? என்னைப் பழுப்புக் குவியல்ல போட்டுருவான்.”

“சாம்பல்ல,” என்றான் நேதோ. “மண்டையப் பாத்துத்தானே போடுவேன்.”

மூவரும் சிரித்தார்கள். பெட்டியைத் திறந்ததும் லோரியானாவின் சிரிப்பு நின்றது. அவள் தேடிய நீலம், ஆழ்ந்த, சீரான நீலம், மடிப்பு மடிப்பாக அடுக்கியிருந்தது. பெட்டியின் உட்புறத்திலும் அதே நீலத்தில் தடித்த கம்பளி ஒட்டியிருந்தது.

துல்லியோ போன பிறகு, பிரிப்பவர்களின் வழக்கப்படி நேதோ முதலில் பைகளைத் துழாவினான். ஒரு பையிலிருந்து கைநிறைய எதையோ அள்ளினான். மணல் போன்ற நீலத் துகள்கள்.

“என்னது அது?”

“கம்பளிப் பொடி. உரசி உரசி உதிர்ந்திருக்கு. கோட்டு நெறமேதான், பாரு.”

அவன் அதை ஊதினான். அது பஞ்சாகப் பறக்கவில்லை. சிறு சலசலப்போடு தரையில் விழுந்தது. இருவரும் அதைக் கேட்டார்கள். இருவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பதினாலு நாள்?” என்றான் நேதோ.

“திங்கக்கெழமை ஆலை. பதினாலு நாள் கழிச்சு இதை வச்சு நான் என்ன பண்ண? போத்திட்டுப் படுக்கவா?”

“விதி போட்டது நீ.”

“உன் கை என்ன சொல்லுது?”

“கை சுத்தம்னுதான் சொல்லுது.”

ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு மூட்டை குளிர் அறையைத் தாண்டிப் போயிற்று. மூன்று நாள் அந்தப் பெட்டி குவியல்களின் நடுவே திறந்தபடி நின்றது. திங்களன்று கோட்டுகள் ஆலைக்குச் சென்றன. ஆலையின் இரும்புப் பற்களுக்குத் தப்பி எந்த உயிரும் மிஞ்சியிருக்க முடியாது. ஆனால் பெட்டி பட்டறையிலேயே இருந்தது.

அக்டோபரில் வெட்டுமேசையின் மீது, வைக்கோல் நிறத்தில் ஒரு சிறிய பூச்சி ஓடியது. பறக்கவில்லை, ஓடியது.

“மாவுப்பூச்சி,” என்றான் நேதோ. “ரொட்டிக் கடையிலேர்ந்து வந்திருக்கும்.”

“அந்தக் கடைக்காரன் மாவுல பூச்சி இல்லாம இருந்தாத்தான் அதிசயம்,” என்றாள் லோரியானா.

அடுத்த வாரம் அவள் இன்னொன்றைப் பார்த்தாள், சொல்லவில்லை. நேதோவும் பார்த்திருந்தான், அவனும் சொல்லவில்லை. துணி நெய்து வந்தது, கோட்டுகள் தைத்து முடிந்தன. நீலம் பிறந்த பெட்டியிலேயே நீலம் இருக்கட்டும் என்று, அடியைப் பார்க்காமலே இருபதையும் அதனுள் அடுக்கி மூடினாள். பத்து நாள் கழித்து, நவம்பர் எட்டாம் தேதி, வாத்தியக் குழுவினர் வந்து ஆளுக்கொன்றாக எடுத்துச் சென்றார்கள்.

மறுநாள் காலையில் நேதோ பெட்டியைத் துடைக்கக் குனிந்தான். அடியில் நீல மணல் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஒட்டியிருந்த கம்பளியில் பாதியைக் காணவில்லை. அவன் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டுத் தேய்த்தான்.

“லோரியானா, இது கம்பளி இல்ல.”

“நீதானே அன்னிக்குக் கம்பளின்னே.”

“அந்துப்புழு போட்ட எச்சம். எந்த நெறத்தைத் தின்னுதோ அந்த நெறத்துலயே போடும். எங்கப்பா நூறு தடவை சொல்லியிருக்காரு. நான் நெறத்தப் பாத்தேன், அவ்ளோதான்.”

அவள் பெட்டிக்குள் குனிந்து, அரித்துப்போன கம்பளியை விரலால் தடவிப் பார்த்தாள்.

“மருந்து அடிச்சிரலாம்,” என்றான் நேதோ மெதுவாக. “யாருக்குத் தெரியப்போகுது?”

“இருபது வீட்டு அலமாரியில தொங்குது. அங்கல்லாம் நீ போய் அடிப்பியா? அடிச்சிட்டு, உள்ள பின்னியிருக்கற எழுத்தையும் பிரிச்சு எடுத்துருவியா?”

அவள் வாத்தியக் குழுத் தலைவர் ஒத்தாவியோவைத் தொலைபேசியில் அழைத்து, இருபது கோட்டையும் திரும்பக் கேட்டாள்.

“நாளன்னிக்கு ஊர்வலம்,” என்றார் அவர். “பதினோரு மாசமா ஒத்திகை பாத்தோம். இந்தக் குளிர்ல சட்டையோட ஊதச் சொல்றியா?”

“ஆமா மேஸ்ட்ரோ. கோட்டுக்குப் பக்கத்துல கம்பளி எது தொங்கினாலும் அதையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

“ஊருக்குத் தெரியுமா?”

“அந்து வந்துருச்சுன்னு கதவுல எழுதி ஒட்டிட்டுத்தான் பேசறேன்.”

நண்பகலுக்குள் ஊர் வந்தது. இருபது பேர் மட்டுமல்லர். அவள் கோட்டு தொங்கிய வீடுகள் எல்லாம் வந்தன. நானும் என் சாம்பல் கோட்டை மடித்துக் கையில் ஏந்தி நின்றேன். எனக்கு முன்னால் நின்ற துல்லியோ, தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, “பொறுத்துக்கோங்க” என்று சொல்லி வாங்கி, குளிர் அறைக்குள் மாட்டினாள். திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற மூன்றாவது வாக்கை அவள் அன்று காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதைக் காக்க முடிந்தால் மற்றவையும் பிழைக்கும் என்று அவள் நம்பியிருக்க வேண்டும்.

என் முறை வந்தபோது, உள்ளே குவியல்களைப் பார்க்கப் போயிருந்த நேதோ திரும்பி வந்தான். முழங்கை வரை தூசி. மூடிய கையை அவள் முன் நீட்டினான், திறக்கவில்லை.

“எந்த நெறம்?” என்று கேட்டாள் லோரியானா.

“எல்லா நெறமும்.”

அவள் என் கோட்டை வாங்கிக்கொண்டாள். வெளியே வரிசை பாலத்தைத் தாண்டி நீண்டிருந்தது. குளிர் அறையில் இன்னும் ஆறு கொக்கிகளே காலியாக இருந்தன.